ஜலதோஷ நிவாரணமும் போர்வையின் மகிமையும்

மனிதனைப் பீடிக்கும் வியாதிகள் அனைத்திலும், வைத்திய சாஸ்திரத்தின் வாசற்படியைக்கூட மிதித்திராதவர்கள் தயக்கமின்றி வைத்தியம் சொல்லும் பாத்தியதை பெற்ற வியாதி ஜலதோஷம் ஒன்றே என்பது, அடியேன் மூன்று தும்மல்களுக்கு இடையே கண்டறிந்து, நான்காவது தும்மலில் மறந்துபோகாதபடி குறித்துவைத்துக்கொண்ட உண்மையாகும்.

முதலில் காரண விசாரணை. தலையைத் துவட்டாமல் நின்றதே காரணம் என்பது எங்கள் பாட்டியின் சித்தாந்தம். இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் 1946-இல் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்த ஆண்ட்ரூஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த சிலரை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈர உடையோடு காற்றடிக்கும் தாழ்வாரத்தில் நிறுத்தி, அதுவும் போதாதென்று ஈரக் காலுறையோடு உலவவிட்டுப் பார்த்ததில், கிருமி உட்புகாமல் குளிர் மட்டும் ஜலதோஷத்தை உண்டாக்குவதில்லை என்று முடிவுகட்டினார். இதைப் பாட்டியிடம் எடுத்துரைத்தபோது, "அது சீமை உடம்புடா" என்ற ஒரே வாக்கியத்தால் அந்தப் பரிசோதனையை நிராகரித்துவிட்டாள். கிருமிகளுக்குள் பிரதானமான ரைனோ வைரஸ், மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயர் பெற்றது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு என்பதால், போன மாதம் ஒன்றை வென்றவன் இந்த மாதம் மற்றொன்றிடம் தோற்பதில் வியப்பில்லை.

ஔஷதங்களில் சிரேஷ்டமானது சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய திரிகடுகம். பாட்டுக்கு மூன்று நீதிகள் வைத்த தம் நூலுக்கு நல்லாதனார் அந்தப் பெயரையே சூட்டினார் என்றால், நாமகரண சமயத்தில் அவருக்கு மூக்கடைப்பு இருந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம், ஆதாரம் கிடையாது. மிளகு ரசத்தில் எல்லோரும் ஒருமித்த கருத்துடையவர்கள். அதற்கப்பால் கட்சிகள் பிரிகின்றன: ஓமத்தைத் துணியில் முடிந்து முகரச் சொன்னார் எதிர்வீட்டு மாமா, விரலி மஞ்சளை விளக்கில் சுட்டுப் புகையை இழுக்கச் சொன்னாள் மன்னி, தபால்காரரோ, கடிதத்தைக் கையில் கொடுக்காமலே, கொய்யாப்பழத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். கடிதமும் அவரோடு போயிற்று.

நான்காம் நாள் ஆவி பிடித்தல். அத்தை வெண்கலப் பானையைப் பிரிமணையோடு கூடத்தில் வைத்து, கைப்பிடி நொச்சி இலையையும் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியையும் போட்டு, என்னைக் குனியச் சொல்லி, கம்பளியால் மூடினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தேன். அது க்ஷணத்தில் வெளுத்துவிட்டது. நொச்சியின் காரநெடி நெற்றிவரை ஏற, மூக்கின் நுனியிலிருந்து ஒரு துளி பானைக்குள் 'சொட்' டென்று விழுந்தது. ஆவியால் வைரஸ் மாண்டதாக நான் சொல்லவரவில்லை. மூக்குக் கால்மணி நேரம் திறந்திருந்தது, அவ்வளவே. ஆனால் கம்பளிக்குள் இருந்த அந்தப் பத்து நிமிஷமும் எவருடைய யோசனையும் என் காதில் விழவில்லை என்பதும், வெளியே வந்தவுடன் சுக்குக் காப்பி குடித்துவிட்டு அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன் என்பதும்தான் இந்த ஆராய்ச்சியின் முக்கியமான கண்டுபிடிப்பு. சூடான பானம், ஓய்வு, உறக்கம் இம்மூன்றையும் கொடுத்துவிட்டால், ஏழு முதல் பத்து நாட்களுக்குள் தேகம் தானே கிருமியைத் துரத்திவிடுகிறது; அந்த உறக்கத்தைக் கலைக்காமலிருக்கத்தான் உறவினருக்குத் தெரிவதில்லை. எனவே கம்பளியை நான் மருந்துகளின் வரிசையில் சேர்த்து, திரிகடுகத்துக்கும் மேலே ஸ்தானம் கொடுக்கிறேன்.

இதற்கு மாறான சிகிச்சை அறிந்த வாசகர்கள் அதை ஒரு தபால் கார்டில் எழுதியனுப்பக் கோருகிறேன். நேரில் வர வேண்டாம். வந்தபடியே திரும்பிப் போவார்கள் என்று உத்தரவாதம் அளிக்க இயலாது.