பாறையைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது எப்படி?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சரித்திரச் சின்னங்களைச் சுற்றிப் பார்க்க நல்ல செருப்பும் தண்ணீர் பாட்டிலும் போதும் என்பார்கள். நம்பாதீர்கள். முதல் தேவை, சிரிப்பை அடக்கும் பயிற்சி. "நிஜமான இடம் இதுவல்ல, பக்கத்தில்" என்று வழிகாட்டி பவ்யமாகச் சொல்லும்போது, "ஓகோ" என்று அதே பவ்யத்தோடு தலையாட்டத் தெரிய வேண்டும்.

பிளிமத்தில் தொடங்குங்கள். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் முதலடி வைத்ததாகச் சொல்லப்படும் பாறை, கிரானைட் தூண் மண்டபத்துக்குள் ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்று வாய்வரை வரும். விழுங்கிவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர் எப்படியும் சொல்லிவிடுவார்.

வந்திறங்கியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் பாறையைப் பற்றிப் பேச்சே இல்லை. 121 ஆண்டுகள் கழித்து, 1741-ல், அங்கே படகுத்துறை கட்டப் போகிறார்கள் என்றதும் தாமஸ் ஃபான்ஸ் என்ற தொண்ணூறு தாண்டிய பெரியவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். இதுதான் அந்தப் பாறை, அப்பா காட்டினார் என்றார் அவர். அந்த அப்பாவும் மேஃப்ளவரில் வந்தவர் அல்ல. 1623-ல் வேறு கப்பலில் வந்து சேர்ந்தவர். இருந்தாலும், கண்கலங்கி நிற்கும் கிழவரிடம் போய் யார் குறுக்குக் கேள்வி கேட்பது?

1774-ல் விடுதலை ஆவேசத்தில் மாடுகளைப் பூட்டிப் பாறையை ஊர் நடுவுக்கு இழுத்தார்கள், இரண்டாகப் பிளந்தது. மேல்பாதி மட்டும் ஊருக்குள் போனது. 1834-ல் அதை இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது வண்டியிலிருந்து விழுந்து மறுபடி உடைந்தது. 1880-ல் கரைக்கே கொண்டுவந்து கீழ்ப்பாதியோடு ஒட்டி, 1620 என்று செதுக்கினார்கள். நடுவே ஞாபகார்த்தமாகக் கொத்திக்கொண்டு போனவர்களும் உண்டு. படம் எடுத்தால் அந்த ஒட்டுப்போட்ட கோடு தெரியும்படி எடுங்கள். இந்தப் பாறையில் சந்தேகத்துக்கு இடமில்லாத சரித்திரம் அது ஒன்றுதான்.

தவிர, மேஃப்ளவரில் வந்தவர்கள் முதலில் கரையேறியது பிராவின்ஸ்டவுனில். அந்த ஊர்க்காரர்கள் 252 அடிக் கோபுரம் எழுப்பி உரிமை கொண்டாடுகிறார்கள். கோபுரத்தின் ஜாடை இத்தாலியின் சியானா நகரத்தது. ஏன் என்று கேட்டு வம்பை வளர்க்காதீர்கள்.

பாஸ்டனில் பங்கர் ஹில் நினைவுத்தூண் இருப்பது பங்கர் ஹில்லில் அல்ல, பிரீட்ஸ் ஹில்லில். 1775-ல் சண்டையும் பெரும்பாலும் இங்கேதான் நடந்தது. பெயர் மட்டும் பக்கத்துக் குன்றுடையது. ஜெயித்தவர்கள் பிரிட்டிஷார், தூண் தோற்றவர்களுக்கு. 294 படிகள், லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கும்போது இதையெல்லாம் யோசித்தால் இன்னும் வாங்கும்.

பால் ரிவியரின் வீட்டையும் பாருங்கள், பழைய வீடு, அழகாக இருக்கும். பிரிட்டிஷ் படை வருகிறது என்று நள்ளிரவில் குதிரையேறி கான்கார்டு ஊரை எச்சரித்தவர் இவர் என்று யாராவது சொன்னால் மட்டும் மறுக்க வேண்டாம். ரிவியரை வழியிலேயே பிரிட்டிஷ் ரோந்துப் படை பிடித்துக் குதிரையைப் பறித்துக்கொண்டது. கான்கார்டு வரை போய்ச் சேர்ந்தவர் சாமுவேல் பிரெஸ்காட் என்ற மருத்துவர். ரிவியரைப் பாடக் கவிஞர் லாங்ஃபெல்லோ கிடைத்தார், பிரெஸ்காட்டுக்கு யாரும் வாய்க்கவில்லை.

சேலத்தில் சூனியக்காரித் தொப்பி வாங்காமல் திரும்புவது கடினம். காவல்துறை வண்டியிலேயே துடைப்பத்தில் பறக்கும் கிழவி இருக்கிறாள். தொலைக்காட்சித் தொடரின் சூனியக்காரி ஒருத்திக்கு 2005-ல் சிலையும் வைத்தாயிற்று. 1692-ல் சூனியக் குற்றச்சாட்டுகள் கிளம்பிய கிராமமோ இன்று டான்வர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. யாரையும் எரிக்கவில்லை, 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல்லேற்றி நசுக்கினார்கள். தூக்கிலிட்ட இடம் எது என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்தது 2016-ல்தான். பிராக்டர்ஸ் லெட்ஜ் என்ற அந்தப் பாறைச்சரிவு ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. கல்லில் பத்தொன்பது பெயர்கள், டிக்கெட் இல்லை, தொப்பி விற்பவர் இல்லை. மேலே சொன்ன பயிற்சி இங்கே தேவைப்படாது. இந்த ஊரில் ஒரே ஓர் இடம் பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்கள்.

கான்கார்டில் புரட்சிப் போர் தொடங்கிய பாலம் 1956-ல் கட்டியது. வால்டன் குளத்தருகே எழுத்தாளர் தோரோவின் குடிசை வாகன நிறுத்துமிடத்தை ஒட்டி நிற்கிறது, அதுவும் நகல்தான்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, விமானத்துக்கு அரைநாள்தான் பாக்கி என்றால் நேராக ஹார்வர்டுக்குப் போங்கள். முற்றத்துச் சிலையின் பீடத்தில் "ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638" என்று இருக்கும். முகம் அவருடையதல்ல, மாதிரிக்கு உட்கார்ந்தவர் வேறொருவர். அவர் நிறுவனர் அல்ல, நன்கொடையாளர். நிறுவிய ஆண்டு 1636. ஒரே வரியில் மூன்று பிழை. மாநிலம் முழுவதும் அலைய வேண்டியதில்லை. ராசி என்று எல்லோரும் தடவித் தடவிச் சிலையின் இடது பாதம் பளபளக்கும். தொடாதீர்கள். மாணவர்கள் ராத்திரியில் அதன்மீது என்ன செய்கிறார்கள் என்று அங்கேயே யாரையாவது விசாரியுங்கள்.