களம் இறங்கும் முன்பே கோப்பை

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள், பருவம் தொடங்கும் முன்பே கோப்பை கைக்கு வந்துவிட்டதாக மகிழ்வது ஏன்?

பதில்: டிசம்பரிலும் பிப்ரவரியிலும் அணிகளில் சேரக் கையெழுத்திடும் பள்ளி வீரர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரம் உண்டு, கல்லூரி ஆட்டத்தில் அவர்கள் ஒருவரும் இன்னும் தோற்றதில்லை! ஆகஸ்ட் பயிற்சி முகாமில் எதிரணியும் சொந்த அணியே, வெற்றி நிச்சயம். 2022இல் ஆள்சேர்ப்பில் முதலிடம் பிடித்த டெக்சஸ் ஏ அண்ட் எம், பருவத்துக்கு முந்தைய ஏபி செய்தி நிறுவனத் தரவரிசையில் 6ஆம் இடத்தில் இருந்தது. கிடைத்ததோ 5 வெற்றி, 7 தோல்வி. சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடமும் தோற்றது. அதே பருவத்தில், அந்தத் தரவரிசையிலேயே இல்லாத டெக்சஸ் கிறிஸ்டியன் இறுதி ஆட்டம் வரை சென்றது. அங்கே அதை 65–7 என வீழ்த்திய ஜார்ஜியா, ஆண்டுதோறும் ஆள்சேர்ப்பில் முன்னணியில் நிற்கும் அணி. ரசிகரின் கணக்கு சரிதான். ஆனால் பதினெட்டு வயது வீரர் தேறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.