சான்றிதழாரும் சுண்ணக்கட்டியாரும்

மலேசியாவில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டு அரசாங்கக் கலைத்திட்டத்தின்படி இயங்கும் தொடக்கப்பள்ளி ‘தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி’ என்று சட்டத்தில் பெயர் பெறுகிறது. அப்பள்ளியில் நிரந்தர ஆசிரியராக அமர விரும்புவோருக்கு முதன்மையான வாயில்கள் இரண்டு. ஐந்தாம் படிவத்தின் இறுதியில் எழுதப்படும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த கையோடு ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர்ந்து, ஓராண்டு ஆயத்தப் படிப்பும் நான்காண்டு இளங்கலைப் பட்டப்படிப்பும் பயில்வது முதலாவது. பல்கலைக்கழகத்தில் வேறொரு துறையில் பட்டம் பெற்றுவிட்டு, கல்வி அமைச்சு தேவை கருதி அழைக்கும் காலத்தில், பட்டதாரிகளுக்கான ஆசிரியர் டிப்ளோமா பயில்வது இரண்டாவது. இவற்றுள் முதல் வாயிலின் அகலத்தைப் பற்றித் தமிழ்ச் சமூகத்தில் ஓயாத வழக்கொன்று உண்டு. அவ்வழக்கின் இரு தரப்பையும் இரு மனிதர்களாக உருவகித்துப் பேசவைப்பதே இவ்வுரையாடலின் நோக்கம்.

உரையாடல் நிகழும் இடம் மலாக்காவின் தெங்கேரா. சிங்கப்பூரை 1824-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழிக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு எழுதிக்கொடுத்த சுல்தான் உசேன் அடக்கமாகியிருக்கும் பள்ளிவாசல் அங்குதான் உள்ளது. ஆகவே, ஒரு கையெழுத்தால் என்னவெல்லாம் போகும் என்பதைப் பிற ஊர்களைவிடச் சற்று நன்றாகவே அறிந்த ஊர் அது. சான்றிதழார் என்பவர் படிவங்களின் அன்பர். சுற்றறிக்கையில் இல்லாத ஒன்று உலகில் நடந்திருக்க முடியாது என்று உறுதியாக நம்புபவர். சுண்ணக்கட்டியார் என்பவர் தோட்டப் பள்ளியில் பணியாற்றி, ஓய்வுபெற்று நெடுங்காலமானவர்; கரும்பலகையில் எழுதப்படாத எதுவும் கல்வியன்று என்பது அவர் கொள்கை. சாலையோரத் தேநீர்க் கடையில், தத்தம் குவளை ஆறும்வரை இருவரும் வழக்காடுகின்றனர்.

சான்றிதழார்: இக்காலத்தில் ஆசிரியராவது எவ்வளவு செம்மையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதை எண்ணினால் மெய்சிலிர்க்கிறது, வாத்தியாரையா. விண்ணப்பதாரர் மலேசியக் குடிமகனாக இருத்தல் வேண்டும், வயது இருபதைத் தாண்டலாகாது, எஸ்.பி.எம். தேர்வில் ஐந்து பாடங்களிலாவது ‘ஏ’ நிலைச் சிறப்புத் தேர்ச்சி வேண்டும். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் நன்மதிப்புத் தேர்ச்சி வேண்டும். தமிழ்ப்பிரிவுக்குத் தமிழிலும் உயர்ந்த தேர்ச்சி வேண்டும். இத்தனையும் இருந்தால், அதற்குமேல் தகுதித் தேர்வு, உடற்றகுதிச் சோதனை, நேர்முகம் ஆகியவை உண்டு. சல்லடைக்குக் கீழே சல்லடை, அதற்கும் கீழே இன்னொரு சல்லடை!

சுண்ணக்கட்டியார்: மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார், தம்பி, ஆனால் பணத்தை எண்ணிக்கொடுக்கும் முன்பு ஒருமுறை கறந்து பார்க்காமல் இருக்கமாட்டார். இத்தனை சல்லடையில் கறந்து பார்க்கும் சல்லடை எது?

சான்றிதழார்: அதற்குத்தான் பயிற்றுப்பணி என்ற ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி ஆசிரியர் உண்மையான பள்ளிக்குச் சென்று, உண்மையான மாணவர்களுக்கு, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் பார்வையில் பாடம் நடத்துவதே பயிற்றுப்பணி. அது ஒருமுறையோடு முடிவதன்று; படிப்பின் பிற்பகுதியில் கட்டங்கட்டமாக நீண்டுகொண்டே போகும். கழகத்திலிருந்து விரிவுரைஞர் வந்து, பின்வரிசையில் அமர்ந்து, புள்ளிப் படிவத்தோடு கண்காணிப்பார். இறுதியில் பயிற்சி ஆசிரியர் தம் வகுப்பில் கண்ட ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு தீர்வைச் செயற்படுத்திப் பார்த்து, விளைவை ஆய்வேடாக எழுதித் தர வேண்டும். அதற்குச் ‘செயலாய்வு’ என்று பெயர்.

சுண்ணக்கட்டியார்: பின்வரிசையில் விரிவுரைஞர் அமர்ந்திருக்கும் நாளில் முன்வரிசைப் பிள்ளைகள் தேவதைகளாகிவிடுவார்கள், அது ஆசிரியரின் திறமையன்று, பிள்ளைகளின் இரக்கம். அதுவும் போகட்டும். அந்தப் பாடத்திற்கு முன்னிரவில் எழுதப்படும் நாள் பாடத்திட்டத்தை இங்கே சற்று விரித்துக் காட்டலாமே.

சான்றிதழார் தம் கைப்பையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எடுத்து மேசைமேல் விரிக்கிறார். இரண்டாம் ஆண்டுத் தமிழ்மொழி, முப்பது நிமிடம், ஒரு சிறு பத்தியைச் சரியான உச்சரிப்புடன் வாசித்தல். இந்த முப்பது நிமிடத்துக்காக உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், நோக்கம், வெற்றிக்கூறு, விரவிவரும் கூறு, பண்புக்கூறு, உயர்நிலைச் சிந்தனைத் திறன், பயிற்றுத் துணைப்பொருள், மதிப்பீடு, சிந்தனை மீட்சி என்று கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் கற்றல் தரம் என்பது அப்பாடத்தில் மாணவர் அடைய வேண்டிய திறனைக் கலைத்திட்ட ஆவணத்திலுள்ள எண்ணோடு குறிப்பது. சிந்தனை மீட்சி என்பது பாடம் முடிந்தபின் ஆசிரியர் தம் கற்பித்தலைத் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பு.

சுண்ணக்கட்டியார்: சிந்தனை மீட்சிக் கட்டத்தில், ‘20 மாணவர்களில் 18 பேர் நோக்கத்தை அடைந்தனர், எஞ்சிய இருவருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறதே. இந்தப் பாடம் எப்போது நடந்தது?

சான்றிதழார்: நாளை காலையில் நடைபெறும்.

சுண்ணக்கட்டியார்: நாளை தோற்கப்போகும் இரண்டு பிள்ளைகளை இன்றே கண்டுபிடித்துவிட்ட இக்கல்விமுறையைச் சோதிடர்களும் பயில வேண்டும், தம்பி. அந்தக் காலத்தில் ஏழாம் வகுப்பை முடித்தவர் பாடம் சொல்லிக்கொடுக்க அமர்ந்து, வார இறுதியில் ‘நார்மல்’ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து ஆசிரியரானார். வெற்றிக்கூறு என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. ஆயினும் பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளை அவரிடம் படித்து நாளிதழ் வாசித்தது.

இதுவரை பணிவோடு வாங்கிக்கொண்டிருந்த சான்றிதழார், பழைய காலம் துணைக்கு அழைக்கப்பட்டதும் நிமிர்ந்து அமர்கிறார். ஏனெனில் பழைய காலமும் ஆவணங்களில் இருக்கிறது. ஆவணமென்றால் அவரை வெல்வது அரிது.

சான்றிதழார்: அந்தக் காலத்தின் கோப்பையும் புரட்டிப் பார்ப்போம், ஐயா. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டுமென்று நிருவாகத்தைப் பணித்தது. பள்ளி நடத்தச் சொன்ன சட்டத்தை நிருவாகங்கள் பல, கூரை ஒன்று போட்டால் போதும் என்று வாசித்துக்கொண்டன. ஆகவே, காலையில் பெயர் கூப்பிட்ட கிராணியும், கடிதம் வாசிக்கத் தெரிந்த கங்காணியும் பகலில் ஆசிரியரானார்கள். நாளிதழ் வாசித்த அந்த ஒரு பிள்ளை நினைவில் நிற்கிறது. மற்றப் பிள்ளைகள் பத்து வயதில் பால்வாளி தூக்கிப் போனது எந்த நினைவிலும் நிற்பதில்லை. தகுதியே கேட்கப்படாத ஆசிரியர் யாருக்குக் கிடைத்தார்? துரைமார் பிள்ளைகளுக்கா?

சுண்ணக்கட்டியார் தேநீரைக் கலக்குகிறார். சர்க்கரை ஏற்கெனவே கரைந்துவிட்டது.

சான்றிதழார்: 1956-ஆம் ஆண்டு ரசாக் கல்வி அறிக்கைக்குப் பிறகுதான் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கென்று பகல்நேரப் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. பின்னர் பயிற்சிக் கல்லூரிகள் சான்றிதழ் வழங்கின. 1996-இல் அது டிப்ளோமாவாயிற்று. 2007 முதல் பட்டப்படிப்பாயிற்று. இந்த மலாக்காவிலேயே, துரியான் டாவுனில் 1935-ஆம் ஆண்டு மலாய்ப் பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட பயிற்சிக் கல்லூரி இன்று ஆசிரியர் கல்விக் கழகத்தின் வளாகமாக உயர்ந்து நிற்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் மற்றப் பள்ளி ஆசிரியரும் ஒரே பட்டம், ஒரே பணித்தரம், ஒரே சம்பளம் என்று ஆனது படிவங்களால் ஆனது, வாத்தியாரையா. யாருடைய நல்ல மனத்தாலும் ஆனதன்று.

சுண்ணக்கட்டியார்: அந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது, மறுப்பில்லை. தகுதி வேண்டாம் என்பது வழக்கன்று என்று திருத்திக்கொள்வோம். தகுதி வேண்டும், ஆனால் அந்தத் தகுதி விளையும் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க வேண்டியவர் யார்? ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளி இறுதியில் மலாய்மொழி அடைவு போதாவிட்டால், முதலாம் படிவத்துக்கு முன்பு ‘புதுமுக வகுப்பு’ என்ற ஓராண்டு. அதாவது, மலாயில் பாடங்களைப் பின்பற்றுவதற்கான இடைநிறுத்தம். எனவே மற்றப் பிள்ளைகள் பதினேழில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை அவள் பதினெட்டில் எழுதுவாள். முடிவு வரும்போது பத்தொன்பதாகும். விதியிலுள்ள வயது வரம்போ இருபது. ஒருமுறை நோயுற்றாலோ, வீட்டு நெருக்கடியால் ஓராண்டு வேலைக்குப் போனாலோ, வாயில் சாத்தப்பட்டுவிடும்.

சான்றிதழார்: விதி எல்லாருக்கும் பொதுவானது, ஐயா.

சுண்ணக்கட்டியார்: புதுமுக வகுப்பு எல்லாருக்கும் பொதுவன்றே! சரி, வயதை விடுவோம், தமிழுக்கு வருவோம். அவளிடம் தமிழ்த் தேர்ச்சி கேட்கப்படுகிறது. தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் எப்படிக் கிடைக்கிறது? 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்க வசதி செய்துதர வேண்டும் என்கிறது. பதினான்கு பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் தமிழுக்குச் சட்டத்தின் துணையில்லை. பதினைந்து பேர் இருந்துவிட்டால், பாடம் பல இடங்களில் கால அட்டவணைக்கு வெளியே, பள்ளி மணி அடித்த பிறகு நடக்கும். அப்போது பள்ளிப் பேருந்து கிளம்பிவிடும். தோட்டத்துக்குத் திரும்ப வேறு வண்டி இராது. தமிழ் வகுப்பா வீடா என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒவ்வொரு வாரமும் தீர்மானிக்க வேண்டும். ஐந்தாம் படிவத்துக்கு வந்தால் அங்கே பாட எண்ணிக்கைக் கணக்கு. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பத்துப் பாடமே வரம்பு என்று 2009-இல் அறிவிப்பு வந்து, தமிழும் தமிழிலக்கியமும் தெருவில் நிற்க வேண்டியதாகிவிடுமோ என்று சமூகமே கொதித்தெழுந்து, பிறகு மேலும் இரண்டு பாடங்களுக்கு இடம் பெறப்பட்டது நினைவிருக்குமே.

சான்றிதழார்: நினைவிருக்கிறது; அந்தக் கடிதங்களின் நகல்கள்கூடக் கோப்பில் இருக்கின்றன.

சுண்ணக்கட்டியார்: கோப்பில் கடிதம் இருக்கிறது, கால அட்டவணையில் தமிழ் இல்லை. ஆசிரியர் பணிக்கு ஆள் எடுக்கும்போது நாட்டின் தலைசிறந்த முப்பது விழுக்காட்டினரே வேண்டும் என்று 2013 முதல் 2025 வரைக்குமான கல்விப் பெருந்திட்டம் சொன்னது. நல்லதுதான். ஆனால் அதே முப்பது விழுக்காட்டினரின் வீட்டுக் கதவை மருத்துவம் தட்டுகிறது, சட்டம் தட்டுகிறது, கணக்கியலும் தட்டுகிறது. அந்த மூன்றும் மாலை நான்கு மணிக்குப் பேருந்தில்லாமல் நிற்கச் சொல்வதில்லை.

சான்றிதழார்: தட்டுகிறவர்கள் தட்டட்டும், பணியுறுதி இங்கேதானே இருக்கிறது! பட்டம் பெற்றதும் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகம், தேறினால் டி.ஜி. 41 என்ற பணித்தரம். 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பளத் திட்டத்தில் அதற்கு டி.ஜி. 9 என்று பெயர்.

சுண்ணக்கட்டியார்: நாற்பத்தொன்று ஒன்பதானது பதவியுயர்வா பதவியிறக்கமா என்று கேட்டுத் தோட்டத்து அப்பாக்களின் நெஞ்சு படபடத்ததை விட்டுவிடுவோம். மலாக்காவில் இருப்பவை 21 தமிழ்ப்பள்ளிகள். இங்கே பிறந்து, சுங்கைப்பட்டாணியிலோ ஈப்போவிலோ பயின்று, கெடாவின் மூலையொன்றில் பணியமர்ந்து, ஊருக்குத் திரும்ப இணையவழி இடமாற்றத்துக்கு விண்ணப்பித்து, ‘கிடைக்கவில்லை’ என்ற விடையை வாங்கிக்கொள்ளும் ஆசிரியைக்குப் பணியுறுதி இருக்கத்தான் செய்கிறது; குடும்பம்தான் மூன்று மாநிலங்களில் இருக்கிறது. அவர் போய்ச்சேரும் பள்ளியோ, பெரும்பாலும், 150 மாணவர்களுக்கும் குறைவானதால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்தப்பட்டதாக இருக்கும். அத்தகைய பள்ளிகளுள் மிகச் சிறியவற்றில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்வார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கற்றல் தரங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதைத்தான் அவர் முதலில் கற்க நேரும்.

சான்றிதழார்: கட்டத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.

சுண்ணக்கட்டியார்: ஆகவே ஒரு முன்மொழிவு, தம்பி. தகுதி பெறுவோருக்குத் தகுதி இருப்பதுபோல் தகுதி விதிப்போருக்கும் தகுதி விதிக்கலாம். ஒவ்வொருவரும் ஓராண்டு, வாரம் இருமுறை, பள்ளி மணி அடித்த பின்பு நடக்கும் தமிழ் வகுப்பை நடத்திவிட்டு, பிள்ளைகளைத் தத்தம் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அதன்பிறகு தமிழில் உயர்ந்த தேர்ச்சி கேட்கட்டும்.

சான்றிதழார்: நல்ல முன்மொழிவு. ஆனால் அது நடந்ததற்குச் சான்று? படமெடுத்துப் பதிவேற்றினாலொழிய நடந்ததாகக் கொள்ள வழியில்லையே.

சுண்ணக்கட்டியார்: எத்தனை பிள்ளைகள் தமிழில் வாசிக்கிறார்கள் என்பதுதான் சான்று.

சான்றிதழார்: அப்படியானால் ஒரு கேள்வி, வாத்தியாரையா. அந்தத் தோட்டப் பள்ளியில், வாசிக்கத் தெரியாமலே வெளியேறிய பிள்ளைகள் எத்தனை பேர்?

சுண்ணக்கட்டியார் நெடுநேரம் விடை தேடுகிறார். வாசித்த பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. வாசிக்காதவர்களின் பெயர்கள் வரவில்லை. எழுதிவைக்கச் சொன்னவரும் இல்லை, எழுதிவைத்தவரும் இல்லை என்று அவர் கடைசியில் ஒப்புக்கொள்கிறார். படிவமே கல்வி என்பதும் படிவமே வேண்டாம் என்பதும் ஒரே பிள்ளையைத்தான் கணக்கில் விட்டுவிடுகின்றன என்பது இருவருக்கும் ஒருசேரத் தெளிவாகிறது. எனவே ஒரே ஒரு புதிய கட்டம் தேவை என்பதில் முதன்முறையாக உடன்பாடு ஏற்படுகிறது: எத்தனை பேர் வாசிக்கிறார்கள், எத்தனை பேருக்கு வாசிக்க இடமே கிடைக்கவில்லை என்ற கட்டம்.

சான்றிதழார்: அதை எந்தப் படிவத்தில் சேர்ப்பது? ஆசிரியர் பயிற்சி விண்ணப்பத்திலா?

சுண்ணக்கட்டியார்: இடைநிலைப்பள்ளியின் கால அட்டவணையில், அதுவும் மணி அடிப்பதற்கு முன்னுள்ள பகுதியில்.

கால அட்டவணை வேறொரு பிரிவின் பொறுப்பு என்றும், அப்பிரிவுக்கு எழுத விரும்புவோர் அதற்குரிய படிவத்தை மூன்று நகல்களில் நிரப்ப வேண்டும் என்றும் சான்றிதழார் விளக்குகிறார்; படிவத்தை எடுப்பதற்காகக் கைப்பையைத் திறக்கவும் திறக்கிறார்.