ஓ.எஸ். அடிச்சாச் சரிவரும்

நேற்றுப் பின்னேரம் படலையைத் திறந்து வந்தவர், கதிரையில் இருக்கமுதலே கேட்டார்: "ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போட்டுப் பாத்தனீங்களோ?"

நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்பதை மறுபேச்சில்லாமல் நம்புகிற ஊர் புத்தூர். கொம்பியூட்டரை நிப்பாட்டிப் போட்டுப் பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னால் மட்டும் நம்பாது. வந்தவர் தானே எழும்பிப்போய் நிப்பாட்டினார், தானே போட்டார். சவுண்ட் காட் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏன் இந்தப் பழசோடு மாரடிக்கிறாய் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்கள் மேசைக்குக் கீழேயும் துணி போர்த்தபடி ஒன்று கிடக்கிறது. எனக்கு வேண்டியது அந்தக் காட்டின் பின்பக்கத்திலுள்ள இளநீல ஓட்டை. பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, இளநீலம் கசெற் பிளேயரிலிருந்து பாட்டை உள்ளே இழுக்க. இப்போதைய லப்டொப்புகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓட்டைதான் வைக்கிறார்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தவர். அவருடைய வாசிப்புள்ள கசெற்றுகள் பூஞ்சணம் பிடிக்கமுதல் அவற்றைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றிவிடவேண்டும் என்பது என் ஆசை. காட் ஏன் பிடிபடவில்லை என்பதைச் சொல்லத்தான் இதைத் தொடங்கினேன். வருகிறேன்.

1989இல் சிங்கப்பூரிலிருந்து சவுண்ட் பிளாஸ்டர் வந்த காலத்தில், ஜம்பரைப் பிடுங்கிக் குத்தி, போர்ட் 220, டி.எம்.ஏ. 1 என்று நாமே சொல்லிக்கொடுக்கவேண்டும். மொத்தம் 16 ஐ.ஆர்.கியூ.தான். பிரிண்டர் வைத்திருக்கிற ஏழாம் இலக்கத்தையே இதற்கும் கொடுத்தால் இரண்டுக்கும் சண்டை வரும். சண்டை பிடித்தாலும் காட் அங்கே இருக்கிறது என்றாவது தெரியும். பிறகு, செருகினால் தானே பாடும் என்றார்கள். என்னுடையது அந்த வகை. டிவைஸ் மனேஜரில் ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறிகூட இல்லை.

பட்டினத்துக் கடைத் தம்பி பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. "ஐயா, ஓ.எஸ். அடிக்கவேணும்."

யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டருக்கு எது வந்தாலும் இது ஒன்றுதான் மருந்து, காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் பனடோல் கொடுக்கிறமாதிரி. பிரிண்டர் கடதாசியைக் கவ்விக்கொண்டு விடவில்லையா? ஓ.எஸ். உள்விசிறி கத்துகிறதா? ஓ.எஸ். பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடக்கிறதா? முதலில் ஓ.எஸ்., மணம் போகாவிட்டால் பிறகு பார்ப்பம். கீபோட்டில் தேத்தண்ணி ஊற்றுப்பட்ட ஒருவரும் அங்கே நின்றார், அவருக்கும் அதுதான். இடி விழுந்து மதர்போட் கருகிய பெட்டியோடு வந்த ரீச்சரிடம், "அடிச்சுப் பாப்பம் ரீச்சர்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அடித்து முடிந்தால் எல்லார் திரையிலும் அதே பச்சைப் புல்வெளி. மகளின் சாமத்தியவீட்டுப் படங்கள் மட்டும் இருக்காது. "டி-யிலை போட்டு வைச்சிருக்கலாமே ஐயா?" சி-யில் வைத்தவன்தான் குற்றவாளி. கள்ளன் வந்துபோன வீட்டில்கூடப் படங்களாவது மிஞ்சும். நானும் அடிப்பித்தேன். புது ஓ.எஸ்.சுக்கும் காட் தெரியவில்லை. தம்பி தலையைச் சொறிந்து யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்ப இன்னொருக்கா அடிப்பம்."

வீட்டுக்கு வந்து காட்டின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன். ஸ்லொட்டுக்குள் வெங்காயம் நடுகிற அளவுக்குச் செம்மண். அதையும் ஊதி எடுத்து, மற்ற ஸ்லொட்டுக்கு மாற்றி, பயோஸில் மதர்போட்டின் சொந்தச் சவுண்டையும் நிறுத்தினேன். அதற்குப் பிறகு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து பெறாமகன் எடுத்தான். "சித்தப்பா, யூ.எஸ்.பி.யிலை சின்னனா ஒண்டு வருது. அந்தப் பெட்டியை எறியுங்கோ."

பற்றரிக்குத் தடையிருந்த தொண்ணூறுகளில் இவனுடைய தகப்பன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் பாடவைத்த ஆள். கை களைத்தால் பாட்டும் இழுபடும். அந்த வீட்டுப் பிள்ளை எறியச் சொல்கிறது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தச் சின்னனை அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன், அது வேறு விசயம். அதிலும் அநேகமாக மைக் ஓட்டைதான் இருக்குமாம், இளநீலம் இராதாம்.

ஆகவே, பி.சி.ஐ. சவுண்ட் காட் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், வேலை செய்யுமோ செய்யாதோ என்று யோசிக்காமல் கொண்டுவாருங்கள். டிறைவர் சீடியும் இருக்கிறது என்கிறவர்கள், உறைக்குள் சீடி உண்மையாகவே இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.