கறள் எடுக்கும் முறை

நேற்றுக் காலை ஊர்காவற்றுறைத் துறையடியில் காரைநகர்ப் பாதைப் படகுக்குக் காத்து நின்றேன். பாதை அக்கரையில் நின்றது. முன்பின் தெரியாத ஒருவர் என் மோட்டார் சைக்கிளடிக்கு வந்தார், குனிந்தார், சைலன்சரைப் பெருவிரல் நகத்தால் சுரண்டினார். பிறகு நகத்தை வெயிலில் பிடித்து வடிவாகப் பார்த்தார்.

"அண்ணை, கறள் பிடிச்சிட்டுது."

எனக்குத் தெரியாதா? அவருடைய தலையைப் பார்த்து, "தம்பி, மயிர் கொட்டிட்டுது" என்று நான் சொன்னேனா?

சுரண்டினவர் சும்மா போவதில்லை, வைத்தியமும் சொல்லிவிட்டுத்தான் போவார். இவர் தேசிக்காய்ப் பாதியில் உப்பைத் தொட்டுத் தேய்க்கச் சொன்னார். உப்புக் காற்றால் வந்த வருத்தத்துக்கு உப்பே மருந்தாம். பின்னால் நின்றவருக்கு அது பிடிக்கவில்லை, கொக்கா கோலாதான் என்றார். மீன் பெட்டியோடு நின்ற ஐயா பழப்புளியும் சாம்பலும் என்றார். பாதை இக்கரைக்கு வந்து சேரும்வரை மூவரும் என் சைலன்சரை நடுவில் வைத்துச் சண்டை பிடித்தார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருசம் தீவில் வண்டி ஓட்டியவன் என்ற உரிமையில், கறள் எடுக்கும் சரியான முறை எது என்று சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன்னால், கறள் ஏன் வருகிறது என்பது.

பளபளவென்று தெரிகிற குறோம் கறள் பிடிப்பதில்லை. கறள் பிடிப்பது அதற்கு அடியில் இருக்கும் இரும்பு. இரும்பின் மேல் நிக்கல், நிக்கலின் மேல் குறோம். அப்பாவின் காலத்தவர்கள் இதை 'நிக்கல் போட்டது' என்றே சொல்வார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி, ஏனென்றால் தடிப்பாக இருப்பது நிக்கல். குறோம் ஒரு தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள். நிக்கலும் மெலிவாய்ப் போட்டிருந்தால் உப்பு அந்த வெடிப்பால் இறங்கி, நிக்கலிலும் ஓட்டை கண்டுபிடித்து, இரும்பைப் போய்ச் சந்திக்கும். வெளியே வரும்போது ஊசிமுனை அளவில் ஒரு மண்ணிறப் புள்ளி. அடுத்த சோளகக் காற்றுக்குள் அந்தப் புள்ளிக்குப் பிள்ளை குட்டி. பண்ணைப் பாலத்திலும், வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகிற பாலத்திலும் றோட்டின் இரண்டு பக்கமும் கடல். வண்டியில் படிகிற உப்பு காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். மழை தேவையில்லை. நயினாதீவு அம்மனின் ஆனித் திருவிழா நேரம் குறிகாட்டுவானில் வண்டியை விட்டுவிட்டு மூன்று நாள் கழித்து வந்து பாருங்கள். அம்மை போட்டமாதிரி நிற்கும்.

நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதன் வம்சம் என்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்காக உப்புக் காற்றில் நிற்கின்றன. ஒன்றிலாவது கறள் உண்டா?

சரி, முறைக்கு வருவோம். முதலில் பொலித்தீன் உறையைக் கழற்ற வேண்டும்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. வண்டியை 2019இல் வாங்கினேன். கடைப் பொடியன், "பொலித்தீனைக் கழட்டிவிடட்டோ அண்ணை?" என்று கேட்டான். பிள்ளையின் காதில் கிடக்கும் தோட்டைக் கேட்டதுபோல நான் பதறிப்போனேன். முன் போர்க், காவல் கம்பி, சைலன்சர் மூடி எல்லாம் உறையோடேயே ஊருக்கு வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். புது வண்டி இனி இல்லை என்றானதும் என் பொலித்தீன் பக்தி முற்றிவிட்டது. கிழிந்த இடத்துக்குச் செலோரேப் ஒட்டினேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் தங்கள் வீட்டு றிமோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். உறைக்குள் இருக்கிற றிமோட்டில் எந்தப் பொத்தான் எது என்று தெரியாமல் எத்தனை வருசம் அமத்துகிறோம்! என் மச்சாள் வீட்டுச் செற்றியில் இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் அது கதைக்கும். புழுக்கத்தில் எழும்பும்போது காற்சட்டையும் கூடவே ஒட்டிக்கொண்டு எழும்பும். அந்தச் செற்றியின் உண்மையான நிறத்தை அவளுடைய புருசனே இன்னும் காணவில்லை. எங்கள் வீட்டில் கலியாண அல்பம் பொலித்தீனுக்குள், அந்தப் பொலித்தீன் இன்னொரு பொலித்தீனுக்குள். அம்மம்மாவின் பீங்கான் கோப்பைகள் அலுமாரிக் கண்ணாடிக்குள் இருந்தே மூன்று தலைமுறையைப் பார்த்துவிட்டன. தை பிறந்தால் பள்ளிக் கொப்பிகளுக்கு உறை. கொப்பிக்குள் ஒன்றும் எழுதப்படாவிட்டாலும் மட்டை மினுங்கும். வெளிநாட்டுக்குப் போனவர்களாவது திருந்தினார்களா? கட்டுநாயக்காவில் வந்து இறங்கும் பெட்டியைப் பாருங்கள், சுற்றிச் சுற்றிப் பொலித்தீன்.

அப்பாவின் றலி சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கும் உறை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவை விட்டு இடம்பெயர்ந்தபோது அம்மா இரண்டு பெட்டியும் ஒரு விளக்கும் எடுத்தார். அப்பா சைக்கிளை எடுத்தார். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் இருமிக்கொண்டு ஓடிய அந்தப் பொருளாதாரத் தடைக் காலம் முழுவதும் அந்தச் சைக்கிள் எங்களைச் சுமந்தது. கடைசியில் மட்காட் உக்கி விழுந்து, ரிம் போய், ஹாண்டிலும் போன பிறகு உறையை உரித்துப் பார்த்தோம். உள்ளே பச்சை நிறம் கடையில் வாங்கியமாதிரி. ஒன்றரை அடிக் கம்பி. அதை வைத்து என்ன செய்வது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. போன மாதம் கராச்காரத் தம்பி என் வண்டியின் உறையைக் கேட்காமலே உரித்தான். உறைக்குள் போன உப்புத் தண்ணி வெளியே வர வழியில்லாமல் அங்கேயே குடியிருந்திருக்கிறது. உறை போடாத ஸ்போக்கில் நாலு புள்ளி. ஆறு வருசம் காவல் காத்த இடத்தில் குறோம் செதில் செதிலாக எழும்பியிருந்தது. தம்பி உரித்ததைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொலித்தீன் நல்லாத்தான் இருக்கு அண்ணை" என்றான்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு இதைச் சொல்லியிருக்கக்கூடாது. அங்கே பனி உருக றோட்டில் உப்பைக் கொட்டுகிறார்களாம், காரின் அடி அரித்துப் போகிறதாம். எங்களுக்குக் கடல் சும்மா தருவதை அவர்கள் வரி கட்டி வாங்குகிறார்கள். அவன் சொன்ன வைத்தியம் அலுமினியத் தாள். சோற்றுப் பார்சல் சுற்றுகிறதைக் கசக்கி, தண்ணியில் நனைத்துத் தேய்ப்பது. அலுமினியம் குறோமைவிட மெது, அதனால் கீறாது, கறளை மட்டும் வழித்தெடுக்கும். குசினியில் சட்டி தேய்க்கிற கம்பிப் பஞ்சைத் தொடவே கூடாதாம், அது கீறும். தேய்த்துப் பார்த்தேன். மேல் கறள் உண்மையாகவே போனது. செதில் எழும்பின இடத்தில் குறோமும் சேர்ந்து போனது. மனுசி தாள் சுருளைக் குசினியிலிருந்து வேறெங்கோ மாற்றிவிட்டாள்.

இதுவரைக்கும் பொறுத்தேன். கடைசியாக அவன் ஒன்று சொன்னான். "மச்சான், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியால கழுவு, கறளே வராது."

நல்ல தண்ணியாம். இங்கே பிறந்தவன் சொல்கிறான். எங்கள் வளவுக் கிணறு உவர் என்பது அவனுக்குத் தெரியும், அந்தக் கிணற்றில் குளித்துத் தலை சிக்குப் பிடித்தவன்தான் அவன். குடிக்கிற தண்ணி பவுசரில் வருகிறது. பவுசர் வருகிற நாளில் வாளியோடு நிற்கிற பெண்களுக்கு நடுவில் போய், என் மோட்டார் சைக்கிளைக் குளிப்பாட்ட இரண்டு வாளி தாருங்கள் என்று கேட்கவா? கிணற்றுத் தண்ணியால் கழுவினால் காயும்போது வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூக்கிறது. கழுவாமல் விட்டால் கடலுப்பு, கழுவினால் கிணற்றுப்பு. வண்டி பழுதானால் பரவாயில்லை. தண்ணியைப் பற்றி எனக்கு ஒருவரும் புத்தி சொல்ல வேண்டாம்.

முறையைச் சொல்வதாகச் சொன்னேன். அதற்கு முதலில் புதுச் சைலன்சர் மூடி ஒன்று வேண்டும். யாழ்ப்பாணத்தில் வாங்கிப் பூட்டிவிட்டேன். உறையைக் கழற்றினேனா என்று கேட்க வேண்டாம்.

ஊர்காவற்றுறைத் துறையடியில் நிற்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். சுரண்ட விருப்பமென்றால், நான் வண்டியை நிறுத்தின கையோடு வந்து சுரண்டுங்கள். சைலன்சர் அப்போதுதான் நல்ல சூடாக இருக்கும்.