மழைக்கணக்கில் மலை ஏற்றுபவர்

இரண்டு அச்சுகளுக்கு நடுவே எண்களைப் புள்ளியாகவோ கோடாகவோ நிறுத்திக் காட்டுவதே அறிவியல் வரைபடம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்க, 'வரைபடம்' என்னும் சொல்லின் பின்பாதியே 'படம்'தானே, அது எங்கே போயிற்று என்று கேட்கும் ஒரு வகையினர் தமிழ்நாட்டு முதுநிலை மாணவர்களிடையே தோன்றியிருக்கின்றனர். படவொட்டி என்று பெயரிடத்தக்க இவர் எந்த மாவட்டத்திலும் கிடைப்பாரெனினும், இலக்கணம் முழுதும் பொருந்தி வருவது கீழ்பென்னாத்தூரில் விளைந்த வகையே. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்த அவ்வூரில், மேற்குத் திசையை அண்ணாமலையும் கிழக்குத் திசையைச் செஞ்சிக்கோட்டைக் குன்றுகளும் பங்கு போட்டுக்கொண்டிருப்பதால், பின்னணியில் ஒரு மலை நில்லாத காட்சி எதுவும் முழுமையடையாது என்ற முடிவுக்கு இவர் பள்ளிப் பருவத்திலேயே வந்துவிடுகிறார்.

இவரது அழகியலின் மூலநூல் ஃபிளெக்ஸ் பேனர். காதணி விழாப் பேனரில், காது குத்தப்படும் குழந்தையின் முகம் தம்ளர் அளவிலும் தாய்மாமனின் முகம் அண்டா அளவிலும் இருக்கக் கண்டு வளர்ந்தவருக்கு, ஒன்றின் அளவு அதன் எண்மதிப்பைப் பொறுத்ததன்று, உறவைப் பொறுத்தது என்பது இரத்தத்தில் ஊறிய பாடம். ஆகவே விளைச்சல் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு மல்லாட்டையை (வட மாவட்டங்களில் வேர்க்கடலைக்கு வழங்கும் பெயர் அது) வைக்க முனையும்போது, அதிகம் விளைந்த ஆண்டுக்குப் பெரிய மல்லாட்டை என்று வைக்காமல், தம் குடும்ப நிலத்தில் விளைந்த ஆண்டுக்குப் பெரிய மல்லாட்டை என்று வைக்கிறார்.

இவரது கருவி மேட்பிளாட்லிப். இது பைத்தான் என்னும் நிரல்மொழியில் வரைபடம் தீட்டுவதற்கான நிரல் நூலகம், அதாவது பிறர் முன்னரே எழுதி வைத்து, வேண்டுவோர் பெயர் சொல்லி அழைத்துப் பயன்படுத்தும் கட்டளைகளின் தொகுதி. 2012-இல் மறைந்த ஜான் ஹன்டர் என்னும் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளையில் பதிவான மின்னலைகளைப் பார்த்து ஆராய வேண்டிய தேவையிலிருந்து இதை உருவாக்கி 2003-இல் வெளியிட்டார். மூளைக்காகப் பிறந்த இக்கருவி மல்லாட்டைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, கருவிகள் பொதுவாக அப்படித்தான் ஊர் சுற்றும். அதில் 'இம்ரீட்' என்னும் கட்டளை படக்கோப்பைப் படித்து, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களாகவும், கோப்பில் ஒளிபுகும் தன்மை பதிந்திருந்தால் நான்காவது எண்ணோடும் பிரித்துத் தரும்; 'இம்ஷோ' அந்த எண்களை மீண்டும் படமாக்கி அச்சுகளுக்குள் விரிக்கும். படம் என்பதே எண்களின் அடுக்குதான் என்று தெரிந்துகொள்ளும் கணத்தில் பிறர் சற்றே திகைத்து நிற்பர். இவரோ, அப்படியானால் படம் ஒட்டினாலும் எண்ணைத்தான் ஒட்டியதாகும் என்று நிம்மதி அடைகிறார்.

நிம்மதி நெடுநேரம் நீடிப்பதில்லை. ஜேபெக் வகைக் கோப்புக்கு ஒளிபுகும் தன்மை தெரியாது என்பதால், மல்லாட்டைகள் ஒவ்வொன்றும் வெள்ளை அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்தபடி வந்து இறங்குகின்றன. அவற்றைக் கைவிட்டு, மாத வாரியான மழையளவு வரைபடத்தின் பின்னணியில் அண்ணாமலையை விரிக்கப் புகுகிறார். படம் எங்கிருந்து எங்குவரை பரவ வேண்டும் என்று சொல்லும் 'எக்ஸ்டென்ட்' அளவுருவில், கிடை அச்சுக்கு 0 முதல் 12 மாதமும் நிலை அச்சுக்கு 0 முதல் 300 மில்லிமீட்டரும் கொடுத்தவுடன், இரு அச்சின் அலகுகளையும் ஒரே நீளமாக வைத்துக்கொள்வதே இம்ஷோவின் இயல்பு என்பதால், மாதமும் மில்லிமீட்டரும் சரிநிகர் சமானமாகி, அகலத்தைப் போல 25 மடங்கு உயரம் கொண்ட ஒரு கீற்றுக்குள் மலை ஊதுவத்தியாக நிற்கிறது. 'ஆஸ்பெக்ட்' என்பதை 'ஆட்டோ' என மாற்ற, ஊதுவத்தி மீண்டும் மலையாகிறது. அத்தோடு நில்லாமல், தம் அச்சு கீழிருந்து மேலே ஏறுவதால் படமும் கீழிருந்தே தொடங்க வேண்டும் என்று தாமே தீர்மானித்து 'ஆரிஜின்' அளவுருவில் 'லோயர்' என்று எழுதிவிட, அண்ணாமலை வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்குகிறது. உச்சியில் எரிய வேண்டிய கார்த்திகை தீபம் ஜனவரி மாதத்தின் காலடியில் எரிகிறது.

அதையும் ஒருவாறு நிமிர்த்திய பிறகு வருவது அடுக்கு வரிசைச் சிக்கல். எது மேலே, எது அடியில் என்பதைக் குறிக்கும் 'இசட்-ஆர்டர்' எண்ணை நூலகம் தானாகவே படத்துக்கு 0, கோட்டுக்கு 2, எழுத்துக்கு 3 என்று வழங்கியிருப்பதால், ஒன்றும் செய்யாதிருந்தால் மலை அடியிலும் மழைக்கோடு மேலுமாக எல்லாம் நலமாகவே முடிந்திருக்கும். ஆனால் அண்ணாமலையார் தலையின் மேல் கோடு கிழிப்பதா என்ற அச்சத்தில் இவர் மலைக்கு 10 கொடுக்கிறார். படத்தை மங்கலாக்க 'ஆல்ஃபா'வைக் குறைக்கலாம் என்று நண்பர் சொன்னால், சாமியை மங்கலாக்குவது குடும்பத்துக்கு ஆகாது என்கிறார். விளைவாக, 2,668 அடி உயர மலை 290 மில்லிமீட்டரில் உச்சி தொட்டு, பன்னிரண்டு மாதங்களையும் அடைத்துக்கொண்டு நிற்கும் வரைபடம் நெறியாளரின் மேசைக்குப் போகிறது.

"மழை எங்கேப்பா?"

"மலைக்குப் பின்னால இருக்கு, சார்."

நெறியாளர், எட்வர்டு டஃப்டி என்னும் அமெரிக்கப் புள்ளியியலாளர் 1983-இல் வெளியிட்ட நூலில், தரவைச் சொல்லாத அலங்காரத்தையெல்லாம் வரைபடக் குப்பை என்று ஒதுக்கியதை எடுத்துக்காட்டுவார். படவொட்டியும் சளைத்தவரல்லர்: கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், படங்களால் அலங்கரித்த வரைபடங்களைப் பார்த்தோர் அவற்றைத் தவறாகப் படிக்கவில்லை என்பதோடு, சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது வெற்று வரைபடங்களைவிட நன்றாக நினைவிலும் வைத்திருந்தனர் என்பதை அறிந்து வைத்திருக்கிறார். அந்த அலங்காரங்கள் சொல்லவந்த செய்தியைச் சுமந்து நின்றவை, மறைத்து நின்றவை அல்ல என்ற வேறுபாட்டை மட்டும் அவர் வாசிக்க நேரவில்லை. 2019 ஏப்ரலில் வெளிவந்த எம்87 விண்மீன் திரளின் கருந்துளைப் படத்துக்கான பணியிலும் மேட்பிளாட்லிப்புக்குப் பங்கு உண்டு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் வாதம் இன்னும் வலுத்துவிட்டது. செயற்கைக்கோள் மேகப்படத்தின் மேல் புயலின் பாதையை வரைவோருக்கும், மூளை வருடிப் படத்தின் மேல் மின்முனைகளின் இடத்தைக் குறிப்போருக்கும் படமே தரவு என்பது உண்மைதான். மலைக்கும் மாத மழைக்கும் அப்படி ஓர் உறவை நிறுவ இவர் எடுத்துக்கொண்ட ஒரே முயற்சி, இரண்டையும் ஒரே தாளில் வைத்தது.

இறுதியில் ஆய்வேடு கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் சிக்கனம் கருதிக் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்பட்டு, ஒரு படி கீழ்பென்னாத்தூர் வீட்டுக்குப் பேருந்தில் வந்து சேர்கிறது. மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏட்டை வாங்கி, அட்டவணைகளையும் சமன்பாடுகளையும் வேகமாகப் புரட்டி, நாற்பத்தேழாம் பக்கத்தில் நின்று, அச்சுகளுக்கு நடுவே கரியநிறத்தில் எழுந்திருந்த உருவத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பிறகு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாகக் கண்ணாடி போட்டுத் தர முடியுமா என்று கேட்கிறார்.