எக்ஸ்ட்ரா பெட்

போன சனிக்கிழமை ராத்திரி நான் காரில் தூங்கினேன். கழுத்து இன்னும் திரும்பவில்லை. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால், தேர் திரும்புகிற மாதிரி மொத்த உடம்போடு திரும்புகிறேன். சொல்ல வந்தது 1,500 ரூபாயைப் பற்றி மட்டும்தான். அதற்கு வருகிறேன்.

பையனுக்குத் தீம் பார்க் போகவேண்டும். வீட்டுக்காரிக்கு அதை ஒட்டிய ரிசார்ட்டில் ஒரு ராத்திரியாவது சமைக்காமல் தூங்கவேண்டும். எனக்கு மணியை விட்டுவிட்டுப் போக மனசில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோது, என் டிபன் பாக்ஸை மோந்து பார்த்துவிட்டு என்னோடேயே பஸ் ஏறி வந்தவன் மணி. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அடுத்த ஸ்தானம். சில நாள் எனக்கு முந்தைய ஸ்தானம்.

ரிசார்ட்டுக்குப் போன் போட்டேன்.

"பெட் ஃப்ரெண்ட்லியாங்க?"

"ஆமா சார். எல்லா ரூமும் கிங் சைஸ்."

"அவ்வளவு பெரிசெல்லாம் இல்லைங்க, நடுத்தரம்தான்."

"எக்ஸ்ட்ரா பெட் ஒண்ணு போட்டுடவா சார்? தனியா 1,500."

நாய்க்கு 1,500 அதிகம்தான். ஆனால் அமெரிக்காவில் டிஸ்னி வேர்ல்டு 2017 அக்டோபரில் நான்கு ஓட்டல்களில் நாயை அனுமதித்தபோது, ராத்திரிக்கு 50 டாலரில் ஆரம்பித்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதற்கு இது பாதிகூட இல்லை. (அங்கே மிக்கி என்கிற எலி புளூட்டோ என்கிற நாயை வளர்க்கிறது. எலி வளர்க்கும் நாய்க்கு ராஜமரியாதை. மனுஷன் வளர்க்கும் நாய்க்கு ஓட்டல் ரூம் கிடைக்க, 1971இல் திறந்த இடத்தில் 46 வருஷம் ஆயிற்று.) உடனே பணம் கட்டினேன்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வழியெல்லாம் மணி ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வந்தான். உயிரியல் பூங்காவைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டான். "உள்ள விடமாட்டாங்க, பெட்டு கட்டிக்கறீங்களா?" என்றாள் வீட்டுக்காரி. கட்டினேன்.

ரிசார்ட் வாசலில் காவலாளி கை காட்டி நிறுத்தினார்.

"பெட்டை உள்ள விடமாட்டோம் சார்."

"இது பெட்டை இல்லைங்க, கடுவன்."

அவரும் கடமை தவறாமல் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "கடுவனையும் விடமாட்டோம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொல்காப்பியர் நமக்கு ஒரே ஒரு 'ப' கொடுத்துவிட்டுப் போனார். அவர் காலத்துக்கு அது போதும். அவர் ரிசார்ட்டுக்கு போர்டு எழுதியதில்லை. ரூமுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பை வீட்டுக்காரி போட்டோ எடுத்து அனுப்பினாள். 'பெட்டின் மேல் ஈரத்துணி போடாதீர்கள்.' சரி, மணிக்கும் அது பிடிக்காது. 'பெட்டின் மேல் ஏறிக் குதிக்கக் கூடாது.' யார் குதிப்பார்கள், கடிக்கும். 'பெட்டை நகர்த்தவேண்டுமானால் ரிசெப்ஷனை அழைக்கவும்.' சோபாவிலிருந்து மணியை நகர்த்த எங்கள் வீட்டில் யாரை அழைப்பது என்று மூன்று வருஷமாகத் தெரியவில்லை. 'இரண்டு பேருக்கு ஒரு பெட்.' தாராளம். ஆக அன்று ராத்திரி நான் பெட்டு கட்டி, பெட்டில் தோற்று, பெட்டைக் கட்டிப் பிடித்தபடி, பெட் இல்லாமல் படுத்தேன். ரயில்வேக்காரர்கள் தேவலை. முதல் வகுப்பு கூப்பேயில் நாயைக் கூடவே கூட்டிப்போகலாம், இல்லையென்றால் கார்டு பெட்டியில் அதற்கென்று கூண்டு. அதிலும் ஒரு பெட்டி வருகிறது பாருங்கள், விட்டுத் தொலைக்க மாட்டேன் என்கிறது.

எங்கள் பக்கம் கம்பெனி கேட்டில் செல்போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டாமல் மேனேஜர்கூட நுழைய முடியாது. நாய்கள் மட்டும் கேட் பாஸ் இல்லாமல் போகும், வரும், ஷிஃப்ட் மாறுகிற நேரம் தெரிந்து கேன்டீன் வாசலில் நிற்கும். பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர். எட்டெழுத்தை எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கோபுரத்தில் ஏறிச் சொன்னவர் பிறந்த ஊர். அந்தக் காற்றை மூன்று வருஷம் சுவாசித்த நாய்க்குத் தடை என்றால் என்ன புரியும்? ரிசார்ட் வாசலில் நாய் வேஷம் போட்ட பையன் ஒருவன், அந்த வெயிலில், வருகிற குழந்தைகளுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தான். மணி அவனை ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். என்னிடம் பதில் இல்லை. நீச்சல் குளத்துப் பக்கம் ஒரு குரங்கு, புக்கிங் எதுவும் இல்லாமல், யாருடைய பூரியையோ தின்றுகொண்டிருந்தது. அதை செல்போனில் படம் எடுக்க வரிசை.

நேற்று ரிசார்ட்டிலிருந்து போன். தேன் மாதிரிக் குரல். அந்த 1,500 பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டது.

"சார், எக்ஸ்ட்ரா பெட் கம்ஃபர்டபிளா இருந்துதுங்களா?"

போனை மணியின் காதில் வைத்தேன்.